ஐந்நூறாவது கோஸ்டர்

பெட்ஃபோர்டு, பென்சில்வேனியா
ஜூன் 19, 1997, வியாழன்

வெண்டெல்,

அன்புள்ள என்று தொடங்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். கோபத்தில் இருக்கிறேன்.

காலையில் உன் அறைக் கதவைத் தட்டினால் திறந்துகொள்கிறது, உள்ளே ஆள் இல்லை. படுக்கை விரிப்பைக்கூட ராணுவக்காரன் மாதிரி மடித்து வைத்திருக்கிறாய். மோட்டல்காரியிடம் கேட்டேன். "அந்த நெட்டையா இருக்கிற சாரா? அஞ்சரை மணிக்கே சாவியக் குடுத்துட்டு, இண்டியானா பஸ் எங்க நிக்கும்னு கேட்டுட்டுப் போயிட்டாரே" என்றாள். பத்து நாள் பயணம், பதினோரு பூங்கா, மெல்வினின் வேன், நாலே நாலு பேர். நான்காவது நாளே ஒருத்தர் கழன்றுகொண்டால் மற்ற மூன்று பேர் என்ன செய்வது? மெல்வினும் டோட்டியும் புருஷன் பெண்டாட்டி, ஒரே இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். நான் காலி இருக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும்.

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இதற்குள் மெல்வின் ஒரு விதமாகவும் டோட்டி இன்னொரு விதமாகவும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நம் ரோலர் கோஸ்டர் சங்கத்துப் பத்திரிகையில் மூன்றாவது விதமாக வரும்.

மலையடிவாரத்தில் அந்தச் சின்னப் பூங்கா. 'மவுண்டன் குயின்' என்று பெரிய பெயரும் பச்சைப் பெயின்டுமாக ஒரு குட்டி இரும்புக் கோஸ்டர். அதுதான் உன் வாழ்க்கையில் நீ ஏறப்போகும் ஐந்நூறாவது கோஸ்டர். டோட்டி நான்கு பேருக்கும் 500 என்று அச்சடித்த பனியன் கொண்டுவந்திருந்தாள். மெல்வின் கையிலும் 500 என்று எழுதிய அட்டை. மேடையில் கதவு திறக்கப் போகிற நேரம் நான் சொன்னேன்: "வெண்டெல், இது கணக்குல வராது. நீ ஏற்கெனவே இதுல ஏறிட்ட. வேற ஊர்ல இருந்து கழட்டிட்டு வந்து பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க. உன் கணக்கு இன்னும் நானூத்தித் தொண்ணூத்தொம்பதுதான்."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மெல்வின், "போச்சுடா, வாத்தியாருக்கே பாடமா!" என்று கத்தினான். நீ அட்டையை மெல்வினிடமிருந்து வாங்கி இரண்டாக மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாய். இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

விதி உன்னுடையது. இடம் மாற்றிய கோஸ்டருக்கு இரண்டாவது தடவை எண் கிடையாது என்று சங்கத்தில் சண்டை போட்டு எழுதவைத்தது நீ. 91-இல் டோட்டி தன் இருநூறாவதைக் கொண்டாடிக் கேக் வெட்டிய பிறகு, அது இடம் மாறி வந்தது என்று சொல்லி அவளை அழவைத்ததும் நீ. அதே விதி உனக்கு வந்தால் மட்டும் பஸ் பிடித்து ஓடிவிடுவாயா?

"நாளைக்கு அடுத்த பூங்கால ஏறுனா அது ஐந்நூறு. இதுக்குப் போய் எதுக்கு முகத்தத் தூக்கி வச்சுக்கணும்?" என்று மெல்வின் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறான். எனக்கும் புரியவில்லை என்று அவனிடம் சொன்னேன்.

வெர்னா


மன்சி, இண்டியானா
ஜூன் 25, 1997

வெர்னா,

உன் கடிதம் கிடைத்தது.

நீ சொன்னது சரி. பதிவேட்டைச் சரிபார்த்தேன். 1979 ஆகஸ்ட் 11, வில்லோ ஏரிப் பூங்கா, 'கிரே கூஸ்', வரிசை எண் 38. அந்தப் பூங்கா 86-இல் மூடப்பட்டது. வண்டியும் தண்டவாளமும் தரகர் ஒருவர் வழியாகக் கைமாறியிருக்கின்றன. மவுண்டன் குயின் அதுவேதான். 500 என்று பென்சிலில் எழுதி வைத்திருந்ததை அழித்துவிட்டேன். தற்போதைய எண்ணிக்கை 499.

வேனில் என்னுடைய மழைக்கோட்டு இருக்கிறது. அவசரமில்லை. மெல்வினுக்கு என் பங்கு பெட்ரோல் செலவைத் தனியாக அனுப்பிவிட்டேன்.

டோட்டியிடம் 91-இல் நடந்ததற்கு வருந்துவதாகச் சொல். கேக் வெட்டும்வரை பொறுத்திருந்து சொன்னதுதான் தப்பு. முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

வெண்டெல் ஹாஸ்கம்ப்


யங்ஸ்டவுன், ஒஹாயோ
ஜூலை 2, 1997

திரு. வெண்டெல் ஹாஸ்கம்ப் அவர்களுக்கு,

முழுப் பெயர் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறாயே, அதனால் நானும் மரியாதையாகவே ஆரம்பிக்கிறேன். எடை அளவு ஆய்வாளராக நீ பெட்ரோல் பம்பைச் சோதித்துவிட்டு முத்திரை குத்தும் காகிதத்தில்கூட உன் எழுத்தில் இதைவிட ஈரம் இருக்கும். பதினெட்டு வருஷமாகத் தெரிந்தவளுக்கு எழுதுகிற கடிதமா அது?

மழைக்கோட்டைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பையில் பாதி தின்ற வேர்க்கடலை மிட்டாய் இருந்தது. அதை நான் தின்றுவிட்டேன்.

நீ போன பிறகு ஏழு பூங்காக்கள் பார்த்தோம். நன்றாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. ஒவ்வொரு மேடையிலும், "தனியா வந்தவங்க யாரு?" என்று கூப்பிடுவார்கள், நான் கையைத் தூக்குவேன். ஒரு தடவை பக்கத்தில் ஒரு பல் டாக்டர். ஏற்றம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்தார். மூன்றாவது சரிவில் உடம்பு இருக்கையை விட்டு எழும்புமே, அப்போது நீ "ம்" என்று ஒரு சத்தம் போடுவாய். அது இல்லாமல் எனக்கு அந்தச் சரிவு முடிந்த மாதிரியே இல்லை.

இப்போது என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். 1979 ஆகஸ்ட் 11, வரிசை எண் 38. அந்த வரியைப் பதிவேட்டில் பார்த்தபோது உனக்கு வேறு ஒன்றும் ஞாபகம் வரவில்லையா? அன்றைக்கும் மேடைக்காரன், "தனியா வந்தவங்க கையத் தூக்குங்க" என்றான். நான் தூக்கினேன். கறுப்பு நோட்டுப் புத்தகமும் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையுமாக ஒரு நெட்டையனும் தூக்கினான். என் புருஷன் ரேயை விட்டுவிட்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை எனக்கு. யார் பக்கத்திலும் உட்காரும் நிலைமையில் இல்லை.

பாதி ஏற்றத்தில் சங்கிலி நின்றுவிட்டது. நாற்பது நிமிஷம் வெயிலில், மல்லாக்க, வானத்தைப் பார்த்துக்கொண்டு. முன்னால் இருந்தவர்கள் கத்துகிறார்கள். நீ மட்டும் கழுத்தை வளைத்துத் தூணில் அடித்திருந்த தகட்டைப் படித்துக்கொண்டிருந்தாய். "தயாரிப்பு எண் ரெண்டு ரெண்டு ஒண்ணு ஏழு. சாய்வு முப்பது டிகிரி. மேடம், பயப்படாதீங்க, இந்தச் சாய்வுல வண்டி பின்னால உருள முடியாது, கீழ பல் பிடிச்சிருக்கு." பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சாண்ட்விச் எடுத்துப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தாய். கோஸ்டரில் சாண்ட்விச்சோடு ஏறுகிற மனுஷனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இரண்டு மாதத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தேன்.

அந்தத் தகடு இப்போது மவுண்டன் குயினின் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தூணுக்குப் பச்சை பூசியவர்கள் அதன் மேலும் பூசிவிட்டார்கள், ஆனாலும் 2217 தெளிவாகத் தெரிகிறது. காய்கறிக்கடைத் தராசில் இருக்கும் தகட்டைக்கூடக் குனிந்து படிக்காமல் நகரமாட்டாய். இதைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தாண்டிப் போனாய், வெண்டெல். நாம் சந்தித்த வண்டி அது. நான் பார்த்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்குத் தெரியவில்லை.

எனக்கு வலிக்கிறது. அவ்வளவுதான்.

வெர்னா


மன்சி
ஜூலை 8, 1997

அன்புள்ள வெர்னா,

மூன்று முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. ஒரு விதத்தில் நல்லதுதான். போனில் நீ மூச்சு விடுவது கேட்டால் எனக்கு வாக்கியம் பாதியில் நின்றுவிடும்.

முதலில் தகடு. அதை நான் பார்க்கவில்லை என்பது உண்மை. ஏன் பார்க்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டால் மற்றது எல்லாவற்றையும் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால்தான் முந்தின கடிதம் அப்படி இருந்தது. ஆறு முறை எழுதிக் கிழித்துப் போட்டதில் மிஞ்சியது அது.

ஐந்நூறாவதற்கு ஏன் அவ்வளவு சின்ன கோஸ்டரைப் பிடித்தேன் என்று செவ்வாய்க்கிழமை நீயே கேட்டாய். "அந்தப் பெரிய மரக் கோஸ்டர விட்டுட்டு இந்தப் பச்சைப் புழுவுலயா கொண்டாடுவ?" என்றாய். ஏதோ சொல்லி மழுப்பினேன். காரணம் இது. பெரிய பூங்காவில் ஒரு சுற்று முடிந்ததும் இறக்கிவிட்டுவிடுவார்கள். இந்தப் பூங்காவுக்கு மே மாதமே போன் செய்து, மேடை பார்க்கும் ஆளிடம் பேசி, நம்மை இறக்காமல் இரண்டு சுற்று விடுவதாக ஒப்புதல் வாங்கியிருந்தேன். ஒரு சுற்று ஒரு நிமிடம் நாற்பது நொடி. முதல் சுற்றில் ஏற்றம் ஏறும்போது நான் உன்னிடம் ஒன்று கேட்பது. இரண்டாம் சுற்றில் நீ யோசித்துக்கொள்வது. என் இடுப்புப் பையில் மோதிரம் இருந்தது.

பயணத்தின் முதல் மூன்று நாளும் அந்த ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வெர்னா, உனக்கு ஆட்சேபம் இல்லையென்றால்" என்று ஆரம்பிப்பதா, அப்படி ஆரம்பித்தால் அலுவலக நோட்டீஸ் மாதிரி இருக்குமா என்று. வரிசையில் நின்ற இருபது நிமிடமும் அதுதான். அந்தப் படிக்கட்டில் என் சொந்தப் பெயரை எழுதி மாட்டியிருந்தாலும் நான் படித்திருக்கமாட்டேன்.

38-ஆம் எண் எனக்கு மறக்கவில்லை. சாண்ட்விச் உப்புப்போட்ட மாட்டிறைச்சி. உன் இடது கையில் மோதிரம் கழற்றிய வெள்ளைத் தடம் இருந்தது, நீ அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாய். சிரித்தபோதுதான் தேய்ப்பதை நிறுத்தினாய்.

இப்போது நான் பஸ் ஏறிய காரணம். கணக்கு தப்பானதற்காக இல்லை. மெல்வின் சொன்ன மாதிரி மறுநாளே ஐந்நூறு ஆகியிருக்கும். நீ சத்தமாகச் சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன். என்னை மாட்டிவிட்ட சந்தோஷம் அதில் இல்லை. கடைசி வளைவு முடிந்து பிரேக்கில் வண்டி வந்து நிற்கும்போது, பயந்தவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வருமே, அது இருந்தது. எனக்குக் கோஸ்டரில் முகம் பார்க்கத் தெரியும். ஆனால் எதிலிருந்து தப்பித்தாய் என்று அன்றைக்குத் தெரியவில்லை. இரவு முழுக்க யோசித்ததில் ஒரு பதில் கிடைத்தது. அந்தப் பதிலோடு மறுநாள் உன் பக்கத்தில் உட்கார என்னால் முடியாது என்று தோன்றியது.

தவறாக யோசித்திருந்தால் சொல். சரியாக யோசித்திருந்தாலும் சொல்.

உன்
வெண்டெல்


(தபால் அட்டை)

மன்சி, ஜூலை 24

வெர்னா,

பதினாறு நாள் ஆகிறது. உடம்பு சரியில்லையா என்று டோட்டியிடம் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கா, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறா" என்றாள். சந்தோஷம். நான் இன்னும் 499.

வெ.


யங்ஸ்டவுன்
ஆகஸ்ட் 3, 1997

வெண்டெல்,

வெள்ளையடித்தது உண்மை. சமையலறையை இரண்டு தடவை அடித்தேன். முதல் தடவை நன்றாகத்தான் இருந்தது.

நீ சரியாகத்தான் யோசித்திருக்கிறாய். எழுதக் கை கூசுகிறது.

அன்று காலை வேனில் எனக்கு நெஞ்சு எரிச்சல். முந்தின ராத்திரி உருளைக்கிழங்கு வறுவலில் வினிகரை ஊற்றிக்கொண்டு தின்றதன் பலன். நீ பெட்ரோல் பங்கில் இறங்கி மெல்வினிடம் பம்பின் முத்திரையைக் காட்டிக்கொண்டிருந்தாய். நீ இருக்கையில் கழற்றி வைத்திருந்த இடுப்புப் பையில் எப்போதும் மாத்திரை இருக்கும் என்று திறந்தேன். சின்ன நீலப் பெட்டி. திறக்கவில்லை. திறக்காமலே தெரியாதா? மூடி வைத்துவிட்டு நெஞ்செரிச்சலோடேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு படிக்கட்டில் தகட்டைப் பார்த்தேன். அந்த இருபது நிமிஷத்தில் உன் காதில் மெதுவாகச் சொல்லியிருக்கலாம், "இது நம்ம கிரே கூஸ்" என்று. சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. சொல்லவில்லை. நீயாகக் கண்டுபிடிப்பாயா என்று பார்த்தேன். கதவு திறக்கப் போனபோது உன் கை பைக்குள் போனது. அப்போதுதான் கத்தினேன். உலகத்தில் உன்னை நிறுத்தக்கூடியது ஒன்றே ஒன்று, அது உன் விதி. அதை எடுத்து உன் மேலேயே வீசினேன். நான்கு பேர் பார்க்க, நீ அவ்வளவு நாள் பார்த்துப் பார்த்துச் செய்ததை ஒரு வார்த்தையில் உடைத்துவிட்டு, அதற்குப் பிறகு தகட்டைக் கவனிக்கவில்லை என்று உன்மேலேயே குறை சொல்லி ஒரு கடிதமும் எழுதினேன். வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

ஏன் என்று கேட்பாய். உன்னைப் பிடிக்காமல் இல்லை. இந்த உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் உன் வலது பக்கம். ஆனால் யோசித்துப் பார். பதினெட்டு வருஷத்தில் நாம் எப்போது எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம்? கோஸ்டரில் பக்கம் பக்கமாக. வேனில் பக்கம் பக்கமாக. சாப்பாட்டுக் கடையில்கூட மெல்வினும் டோட்டியும் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். நாம் இரண்டு பேரும் சேர்ந்து முன்னால் இருக்கும் எதையோ பார்த்துக்கொண்டே இருந்தவர்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததில்லை.

கல்யாணம் என்பது சாப்பாட்டு மேஜை, வெண்டெல். பதினோரு வருஷம் ரேக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆரம்பத்தில் அவன் என்னைப் பார்த்தான். பிறகு செய்தித்தாளைப் பார்த்தான். கடைசி இரண்டு வருஷம் உப்பு ஜாடியைப் பார்த்தான். "ஏன் என்னயப் பார்க்கவே மாட்டேங்கிற?" என்று ஒரு நாள் கேட்டேன். "என்ன பார்க்கணும், அதான் தெரியுமே" என்றான். நல்லவன்தான், கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. பார்த்து முடித்துவிட்டான், அவ்வளவுதான்.

நீயும் ஒரு நாள் பார்த்து முடித்துவிட்டால் நான் என்ன செய்வேன்? ரேயைத் தாங்கிக்கொண்டேன். உன்னைத் தாங்கமாட்டேன்.

எனக்குக் கொஞ்சம் நேரம் கொடு. முதலில் உன் ஐந்நூறை முடி. செப்டம்பர் கடைசியில் சங்கத்து ஆட்கள் எல்லாரும் கூடுகிறார்களே, அங்கே ஒரு பெரிய மரக் கோஸ்டரில், முதல் வரிசையில், உனக்குத் தகுந்த மாதிரி. அட்டையை நானே பிடிக்கிறேன். அதற்கு அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்.

வெர்னா


மன்சி
ஆகஸ்ட் 13, 1997, புதன்

அன்புள்ள வெர்னா,

ஐந்நூறு முடிந்தது. நேற்று, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு பத்துக்கு.

எங்கே என்று சொன்னால் மெல்வின் ஒரு வருஷம் சிரிப்பான். இங்கே கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள கார் நிறுத்தும் இடத்தில் ஒரு நடமாடும் பொருட்காட்சி வந்திருக்கிறது. ராட்டினம், எண்ணெயில் பொரித்த மாவு, பிளாஸ்டிக் வாத்து. அதில் கம்பளிப்புழு உருவத்தில் குழந்தைகளுக்கான கோஸ்டர் ஒன்று. மிக உயர்ந்த இடம் ஏழு அடி. மழை தூறிக்கொண்டிருந்தது, ஒரு ஆள் இல்லை. ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் குடையோடு விசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"குழந்தை எங்க சார்?" என்றார்.

"குழந்தை இல்லைங்க. நான் மட்டும்தான்."

"பெரியவங்கள மட்டும் ஏத்தக் கூடாது. கூட ஒரு பிள்ளை வேணும். இது ரூல்."

விதி என்றால் எனக்கு விதிதான். உனக்குத்தான் தெரியுமே. திரும்பி நடந்து காருக்குப் போய்க் கதவைக்கூடத் திறந்துவிட்டேன். பிறகு என்ன வந்தது என்று தெரியவில்லை, திரும்பி வந்தேன். "அம்மா, இது எனக்கு ஐந்நூறாவது கோஸ்டர். இத முடிச்சாத்தான் நான் ஒருத்தங்களுக்கு லெட்டர் எழுத முடியும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்த ஒருத்தங்க கூட வரலையா?"

"இல்லைங்க, அவங்க இல்லாமத்தான் நான் ஏறணும்."

"கிறுக்குப் பிடிச்ச மனுஷன்" என்று சொல்லிக்கொண்டே கம்பியைத் திறந்துவிட்டார். விதியை மீறித்தான் ஏறினேன் என்பதைப் பதிவேட்டிலும் குறித்திருக்கிறேன். முழங்கால் இரண்டும் தாடையில் இடித்தது. மூன்று சுற்று. அட்டை இல்லை, பனியன் இல்லை, பக்கத்தில் நீ இல்லை. இறங்கும்போது அந்த அம்மாள் மட்டும் குடையை மடியில் வைத்துவிட்டுக் கை தட்டினார்.

ஏன் செய்தேன் என்று சொல்கிறேன். முந்நூறு ஆனதும் உன்னிடம் கேட்க வேண்டும் என்று 1986-இல் முடிவு செய்தேன். முந்நூறாவதன்று உனக்கு ஜலதோஷம், அதனால் நானூறு என்று தள்ளி வைத்தேன். நானூறாவதன்று மழை. இப்போது நீ செப்டம்பர் என்கிறாய். செப்டம்பரில் மழை வந்தால் அறுநூறு என்போம். நாம் இரண்டு பேரும் ஒரு எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறோம், வெர்னா. அதனால் அந்த எண்ணை ஒரு கம்பளிப்புழுவில் செலவழித்துவிட்டேன். இனிக் காத்திருக்க எதுவும் கிடையாது.

நீ கத்தியதற்கு மன்னிப்பு வேண்டாம். ஏழு வாரம் அதற்காக வருத்தப்பட்டேன் என்பது உண்மை. மாத்திரை தேடிப் பெட்டியைப் பார்த்துவிட்டுத் திறக்காமல் வைத்தாய் என்று படித்ததும் அந்த வருத்தம் போய்விட்டது.

மேஜை விஷயம். ரே என்ன செய்தார் என்பதற்கு நான் பதில் சொல்ல முடியாது. என்னைப் பற்றிச் சொல்கிறேன். என் வேலையே ஒரே தராசை வருஷா வருஷம் போய்ப் பார்ப்பதுதான். போன வருஷம் பார்த்தோமே, இந்த வருஷம் எதற்கு என்று கேட்டால் எனக்கு வேலை கிடையாது. முப்பத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். எந்தத் தராசும் போன வருஷம் இருந்த மாதிரியே இருந்ததில்லை. மனுஷி மட்டும் எப்படி அப்படியே இருப்பாள்? எனக்குப் பார்த்து முடிக்கத் தெரியாது.

ஆனாலும் உனக்குப் பயமாக இருந்தால், ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜையை ஜன்னலோரமாக நகர்த்தி, இரண்டு நாற்காலியையும் ஒரே பக்கம் போட்டுவிட்டேன். முன்னால் ஜன்னல். வெளியே பெரிதாக ஒன்றும் இல்லை, எதிர்வீட்டுக் கொட்டகையும் கொஞ்சம் சோளமும்தான். அளந்து பார்த்தேன். இரண்டு தட்டுக்கு இடம் இருக்கிறது, முழங்கை மட்டும் லேசாக இடிக்கும். நீ என் வலது பக்கம்.

இப்படியே எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உட்காரலாம். எனக்குச் சம்மதம்.

வாக்கியத்தைக் கடைசிவரை சரிசெய்ய முடியவில்லை. அதனால் சாதாரணமாகவே கேட்கிறேன். வெர்னா, என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா?

வெண்டெல்


யங்ஸ்டவுன்
ஆகஸ்ட் 18, 1997, திங்கள்

என் அன்புள்ள வெண்டெல்,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. பள்ளி திறக்கும் முன் நான் ஓட்டுகிற பள்ளி பஸ்ஸைக் கழுவ வேண்டியிருந்தது. கழுவப் போன இடத்தில் காலி பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். கம்பளிப்புழு வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். பட்டறைக்காரன் எட்டிப் பார்த்து, "என்னக்கா, லாட்டரி விழுந்துடுச்சா?" என்றான். நாற்காலி வந்த இடத்தில் அழ ஆரம்பித்துவிட்டேன். அவனும் போய்விட்டான்.

ஐந்நூறு, அட மனுஷா! பதினெட்டு வருஷம் நாடு பூராவும் வண்டி ஓட்டிச் சேர்த்ததை ஏழு அடிப் புழுவில் கொண்டுபோய்ப் போட்டாயே. இதுவரை யாரும் எனக்காக இப்படி ஒன்றைச் செலவழித்ததில்லை. டோட்டிக்குப் போன் செய்து சொன்னேன். "வெண்டெலா? ரூல மீறியா?" என்று ஐந்து தடவை கேட்டாள். பிறகு அவளும் அழுதாள். 91-ஐ மன்னித்துவிட்டாளாம்.

இரண்டு நாளாக உன் நாற்காலிகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி என் வீட்டிலும் மேஜையைச் சுவரோரம் தள்ளி, பக்கத்தில் ஒரு காலி நாற்காலி போட்டுச் சாப்பிட்டுப் பார்த்தேன். சௌகரியமாகத்தான் இருந்தது. முன்னால் சுவர். அங்கே உட்கார்ந்து, உனக்கு எந்தக் கண்ணுக்குக் கீழே அந்த மச்சம் என்று யோசித்தேன். இடதா, வலதா? எனக்குத் தெரியவில்லை, வெண்டெல். பதினெட்டு வருஷத்தில் உன்னுடைய வலது காதைத்தான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். நீ என்னைப் பார்த்து முடித்துவிடுவாயோ என்று இவ்வளவு நாள் பயந்தேனே, நான் இன்னும் உன்னைப் பார்க்கவே ஆரம்பிக்கவில்லை. இதை நினைத்தபோது வந்த பயம் முந்தினதைவிடப் பெரிதாக இருந்தது. எனக்கு ஐம்பத்தைந்து, உனக்கு அறுபத்தொன்று. நேரம் கொடு என்று உன்னிடம் கேட்டேனே, நம்மிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நினைத்துக் கேட்டேன்?

இந்தச் சனிக்கிழமை வருகிறேன். காரில்தான். ஆறு மணி நேரம், மூன்று மணிக்கு வந்துவிடுவேன். பள்ளி செவ்வாய்க்கிழமைதான் திறக்கிறது. அட்டையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்காதே, அக்கம்பக்கம் சிரிக்கும். சமைக்கவும் வேண்டாம், நீ சமைப்பது எனக்குத் தெரியும். கோழி நான் கொண்டுவருகிறேன்.

ஒரே ஒரு வேலை செய்து வை. அந்த மேஜையை ஜன்னலிலிருந்து இழுத்து நடுவில் போடு. நாற்காலிகளை எதிரெதிரே போடு. நீ கேட்டதற்குப் பதிலை இந்தக் காகிதத்தில் எழுதப் போவதில்லை. உன் எதிரில் உட்கார்ந்து சொல்வேன். அதைக் கேட்கும்போது உன் முகம் எப்படி ஆகிறது என்று நான் பார்க்க வேண்டும்.

உன்
வெர்னா